கண்ணாடிக் கதவில் இருப்பது அழுக்கு அல்ல

 

ஒரு மாதமாக டீச்சரை இந்தப் பக்கம் காணோமே என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. பேரனுக்குப் பரீட்சை விடுமுறை என்று கோவை சரவணம்பட்டிப் பக்கம் மகன் வீட்டில் இருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் வாங்கிய அடுக்குமாடி வீடு. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும், எல்லோரும் வரிசையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்களே, அந்தப் பெரிய பாத்ரூம். குளிக்கிற இடத்தைத் தனியாகப் பிரித்து, தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேலே கண்ணாடித் தடுப்பு, கண்ணாடிக் கதவு. "சினிமாவுல வர்ற மாதிரி இருக்குது அம்மிணி" என்று என் நாத்தனார் சொன்னார்.

இன்றைய பதிவு அந்தக் கதவைப் பற்றித்தான். சிரிக்காதீர்கள். நாட்டில் எவ்வளவோ இருக்க, இந்த டீச்சர் பாத்ரூம் கதவைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டாரே என்று நினைப்பீர்கள். அந்தக் கதவால் ஒரு பெண் மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். அதனால்தான் எழுதுகிறேன். மகன், மருமகள் இரண்டு பேரிடமும் படித்துக் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன். மருமகள், "நான் சொன்னதையும் மறைக்காம எழுதுங்க அத்தை" என்று சொன்னாள். அதற்காகவே அவளை எனக்கு இன்னும் கொஞ்சம் பிடிக்கிறது.

நான் போன முதல் நாளே பார்த்தேன். பளபளவென்று இருந்த கண்ணாடி, மோர் ஊற்றிக் காய்ந்த பாத்திரம் மாதிரி இருந்தது. இடுப்பு உயரத்துக்குக் கீழே ஒரே வெள்ளைப் படலம். மேலே சொட்டுச் சொட்டாகப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு வளையம். கைவைத்துத் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு.

வீட்டு வேலைக்கு ஒரு பெண் வருகிறாள். முப்பது வயது இருக்கும். காலை எட்டு மணிக்கு வந்து, பாத்திரம், வீடு துடைப்பது, பாத்ரூம் எல்லாம் முடித்துப் பத்தரைக்கு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். வாயாடி. ஆனால் கை சுத்தம். அவள் தேய்க்கிற பாத்திரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், வேலையில் வஞ்சனை செய்கிற ஆள் இல்லை என்று.

அந்தக் கதவை அவள் தினமும் தேய்த்துக்கொண்டுதான் இருந்தாள். சோப்புத்தூள் போட்டுப் பச்சை நாரால் தேய்ப்பாள். ஈரம் இருக்கிறவரை கண்ணாடி சுத்தமாகத் தெரியும். அவள் அடுத்த வீட்டுக்குப் போன ஒரு மணி நேரத்தில் காய்ந்து மறுபடி வெள்ளை பூத்துவிடும். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வருகிற மருமகள் கண்ணில் படுவது காய்ந்த கண்ணாடிதான். "நெசமாலுமே தேச்சியா?" என்று மறுநாள் கேட்பாள். "தேச்சேங்க்கா, சாமி சத்தியமா" என்பாள் அவள். இப்படி ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, நான் போவதற்கு முன்பே இரண்டு மாதமாக நடந்துகொண்டிருந்ததாம். "ஒரு கதவை ஒழுங்காத் தேய்க்க முடியலைன்னா வேற ஆள் பாத்துக்கறேன்" என்று ஒருநாள் என் எதிரிலேயே சொன்னாள்.

இங்கேதான் என் தப்பு வருகிறது.

உங்களில் பாதிப் பேருக்கு ஏழாம் வகுப்பில் கடின நீர், மென்னீர் பாடம் நடத்தியவள் நான். அந்தக் கதவில் இருப்பது அழுக்கே அல்ல, அது கல், சோப்புக்கும் நாருக்கும் அது போகாது என்று பார்த்த நிமிடமே எனக்குத் தெரியும். சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மகன் வீடு, மருமகள் நிர்வாகம், வந்த இடத்தில் மாமியார் மூக்கை நுழைக்கக் கூடாது என்று எனக்கு நானே பெரிய மனுஷி பட்டம் கட்டிக்கொண்டு, பேரனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டு ஏழு நாள் உட்கார்ந்திருந்தேன்.

எட்டாவது நாள். அந்தப் பெண் தெருவில் மூன்று சக்கர வண்டியில் "ஆசிட், பினாயில்" என்று கூவிக்கொண்டு வருகிறவரிடம் தன் கைக்காசைப் போட்டு ஒரு பாட்டில் ஆசிட் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். எங்களிடம் சொல்லவில்லை. கதவு பளிச்சென்று ஆனால் அக்கா சந்தோஷப்படுவாள், வேலை நிலைக்கும் என்ற எண்ணம். தரை வழுக்குகிறது, பாசி என்று ஏற்கெனவே பிளீச்சிங் பவுடரைத் தூவி ஊறவிட்டிருந்தாள். அதன்மேல் நின்றுகொண்டு ஆசிட்டைக் கண்ணாடியில் ஊற்றித் தேய்த்திருக்கிறாள். ஆசிட் வழிந்து தரைக்கு வராமல் வேறு எங்கே போகும்?

ஹாலில் இருந்த எனக்கு முதலில் இருமல் சத்தம்தான் கேட்டது. சாதாரண இருமல் என்று நினைத்தேன். அப்புறம் வாளி உருளும் சத்தம். கதவைத் திறந்தால் நீச்சல்குளத்து வாடை நூறு மடங்காக முகத்தில் அடித்தது. கண் எரிந்து ஒன்றும் தெரியவில்லை. கையைப் பிடித்து வெளியே இழுத்து, பால்கனியில் உட்காரவைத்து, சன்னல் எல்லாம் திறந்து, மின்விசிறியைப் போட்டு... என் கை நடுங்கியதில் மகனுக்கு போன் போடவே இரண்டு நிமிடம் ஆனது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, ஒரு ராத்திரி வைத்திருந்து பார்த்து அனுப்பினார்கள். பிழைத்தாள். ஒரு வாரத்துக்குத் தொண்டை கட்டி, பேச்சு வராமல் இருந்தாள். ஓயாமல் பேசுகிற பெண் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. முதலாம் உலகப்போரில் 1915ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் ஈப்பர் என்ற ஊரில் எதிரிப் படைமேல் திறந்துவிட்டார்களே, அதே வாயு. ஐந்தடிக்கு எட்டடி பாத்ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு, வெறுங்காலோடு நின்று அதை ஒரு பெண் தயார் செய்திருக்கிறாள். எதற்கு? ஒரு கதவு காய்ந்த பிறகும் பளபளப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்கு.

சரி, இப்போது பாடத்துக்கு வருகிறேன். வாத்தியார் புத்தி போகாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இரண்டு தண்ணீர் உண்டு. நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. சிறுவாணியோ பில்லூரோ குழாயில் வந்தால் நல்ல தண்ணி. ஆழ்குழாயில் ஆயிரம் அடியிலிருந்து ஏறி வந்தால் உப்புத் தண்ணி. அந்த உப்பு சாப்பாட்டு உப்பு மட்டும் அல்ல. பாறைக்குள் இருந்த சுண்ணாம்பும் மக்னீசியமும் கரைந்து வருகின்றன. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரத்தில், கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது, வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். அது குடிக்கிற தண்ணீருக்கு. குளிக்கிற தண்ணீரை யாரும் அளப்பதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். 600 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் குளித்து முடித்ததும் கண்ணாடியில் ஒட்டி நிற்கிற தண்ணீர் 50 மில்லி என்று வையுங்கள், அரை டபரா காபி அளவு. அது காய்ந்தால் நீர் ஆவியாகப் போகும், கல் போகாது. 50 மில்லியில் 30 மில்லிகிராம் கல். வீட்டில் நான்கு பேர், ஒரு நாளைக்கு 120 மில்லிகிராம். 365 நாளைக்குப் பெருக்கினால் கிட்டத்தட்ட 44 கிராம். வருடத்துக்கு ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பை நாமே எடுத்து நிதானமாக, மெல்லிசாக, அந்தக் கண்ணாடியில் பூசிக்கொண்டிருக்கிறோம். அப்புறம் வேலைக்கு வருகிற பெண்ணைக் கூப்பிட்டு, ஏன் போகவில்லை என்று கேட்கிறோம்.

இதில் சோப்பின் பங்கும் உண்டு. குளியல் சோப்பு உப்புத் தண்ணியில் நுரைக்காது என்பது தெரியும். நுரைக்க வேண்டிய சோப்பு சுண்ணாம்போடு சேர்ந்து தயிர் திரிந்த மாதிரி ஒரு கசடாக மாறுகிறது. வாளி ஓரத்தில் பிசுபிசுவென்று ஒட்டுமே, அதுதான். கண்ணாடியில் கல் ஒரு அடுக்கு, இந்தக் கசடு ஒரு அடுக்கு என்று மாறி மாறி ஏறுகிறது. ஈரத்தில் கறை தெரியாமல் போவதற்கும் காரணம் உண்டு. சொரசொரப்பின் பள்ளங்களைத் தண்ணீர் நிரப்பிவிடுவதால் வெளிச்சம் சிதறாமல் நேராகப் போகிறது. காய்ந்ததும் மறுபடி சிதறும், மறுபடி வெள்ளை. அந்தப் பெண் சத்தியம் செய்ததும் உண்மை, மருமகள் சாயங்காலம் பார்த்ததும் உண்மை.

நம் பாட்டிமார் இதைப் பாடப்புத்தகம் இல்லாமலே தெரிந்துவைத்திருந்தார்கள். வெந்நீர் அண்டாவுக்குள் வெள்ளையாகக் கல் கட்டினால் என் அம்மா கரண்டியால் சுரண்ட விடமாட்டார். புளிச்சக்கையைப் போட்டு ராத்திரி ஊறவைத்து, காலையில் கழுவினால் பொருக்குப் பொருக்காக வந்துவிடும். சுண்ணாம்புக்கு எதிரி புளிப்பு. நம் பள்ளிக்கூடத்தில் செய்துகாட்டியது நினைவிருக்கிறதா? எலுமிச்சைச் சாற்றில் முட்டை ஓட்டைப் போட்டால் குமிழ் குமிழாக வருமே, அது. பொள்ளாச்சிக்குப் பக்கம் நான் வேலை பார்த்தபோது முட்டை ஓடு கொண்டுவரச் சொன்னதற்கு ஒருவன் முழு முட்டையையே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டான். இப்போது துபாயில் இன்ஜினியர். பெயரைச் சொல்லமாட்டேன், அவனே வந்து சொல்லட்டும்.

முட்டை ஓடும் கண்ணாடியில் படிகிற கல்லும் பெரும்பாலும் ஒரே பொருள்தான், கால்சியம் கார்பனேட். கடையில் விற்கிற ஆசிட்டும் புளிப்புதான், ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது கறையைக் கரைக்காது என்று நான் பொய் சொல்லமாட்டேன். நொடியில் கரைக்கும். கூடவே கதவின் கீல், கைப்பிடி, ஷவர் குழாயின் பளபளப்பு, டைல்ஸ் இடுக்கில் பூசிய சிமெண்ட் எல்லாவற்றையும் தின்னும். பிளீச்சிங் பவுடர் இல்லாவிட்டாலும் அதன் புகையே மூக்கையும் தொண்டையையும் அரிக்கும். அந்த நாளுக்குப் பிறகு மகன் வீட்டுக் கதவின் கீல் கறுத்துப்போய் இருக்கிறது, மாற்றச் சொல்லியிருக்கிறான்.

ஆகவே என் கருத்தைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். ஆசிட் பாட்டில் எந்த வீட்டுக்குள்ளும் இருக்கக் கூடாது. இன்றைக்கே போய் உங்கள் பாத்ரூம் அலமாரியைப் பாருங்கள். இருந்தால் அப்படியே சாக்கடையில் கொட்டாதீர்கள், அங்கே யார் என்ன ஊற்றியிருக்கிறார்களோ. மூடியை இறுக்கி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் தனியாக வைத்து, உங்கள் ஊர் குப்பை எடுக்கும் நிர்வாகத்திடம் இது ஆசிட் என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். 2013ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு வைத்தது. வாங்குகிறவர் அடையாள அட்டை காட்ட வேண்டும், எதற்கு என்று சொல்ல வேண்டும், 18 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது. பெண்கள் முகத்தில் வீசப்படுவதைத் தடுக்க வந்த உத்தரவு அது. தெருவில் கூவிக்கொண்டு போகிற வண்டியில் அந்தப் பெண்ணிடம் யார் என்ன அட்டை கேட்டார்கள்? பேர் ஒட்டாத பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் ஒரு குழந்தை தாகத்தில் எடுத்துக் குடித்திருந்தால்?

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நானே கேட்டுக்கொண்டேன். பொறுப்புத் தலைமையாசிரியையாக இருந்த நான்கு வருடமும், பள்ளிக் கழிப்பறைக்கு ஆசிட் வாங்கிய சீட்டில் கையெழுத்துப் போட்டவள் நான்தான். கழுவ வந்த அம்மாள் கையுறை இல்லாமல், முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு ஊற்றுவார். நான் அதே நேரம் மூன்று சுவர் தள்ளி அமிலங்கள், காரங்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அமிலத்தைக் கவனமாகக் கையாள வேண்டும் என்று கரும்பலகையில் எழுதி, அடிக்கோடு போட்டு, உங்களை எல்லாம் எழுதவைத்தேன். அந்த அம்மாளுக்கு எப்போதும் இருமல் இருந்தது. வெற்றிலை பாக்கால் வருகிறது என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வோம். அவர் இப்போது உயிரோடு இல்லை.

சரி, கறையை எப்படித்தான் எடுப்பது? அந்த வாரம் நானும் மருமகளும் சேர்ந்து செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

மளிகைக்கடையில் எலுமிச்சை உப்பு என்று கேளுங்கள், சிட்ரிக் ஆசிட் என்றாலும் கொடுப்பார்கள். பேரில் ஆசிட் இருந்தாலும் எலுமிச்சம்பழத்தில் இருக்கிற புளிப்புதான் அது. அரை லிட்டர் வெதுவெதுப்பான நல்ல தண்ணியில் இரண்டு பெரிய ஸ்பூன் கரைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வினிகர் இருந்தால் அதுவும் போதும். முதலில் பாத்திரம் விளக்குகிற திரவத்தைப் போட்டுக் கண்ணாடியைக் கழுவ வேண்டும். இதை மறந்துவிட்டுத்தான் நிறையப் பேர் புளிப்பு வேலை செய்யவில்லை என்கிறார்கள். மேலே இருக்கிற சோப்புக் கசடு எண்ணெய் மாதிரி, புளிப்பைக் கல் வரைக்கும் போகவிடாது. கழுவிய பிறகு, பழைய வேட்டித் துணியைப் புளிப்புத் தண்ணியில் நனைத்துக் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். சும்மா தெளித்தால் வழிந்து ஓடிவிடும், துணிதான் பிடித்து வைக்கும். இருபது நிமிடம் போய் வேறு வேலை பாருங்கள். வந்து மெல்லிய துணியால் வட்டமாகத் துடைத்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசி, உடனே காயத் துடைத்துவிடுங்கள். கைக்கு ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள், நகக்கண்ணில் வெடிப்பு இருந்தால் காந்தும். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு தடவையில் போகாது. எங்களுக்கு நான்கு நாள் ஆனது. முதல் நாள் துணியை எடுத்ததும் மருமகள் "எங்கத்தை, அப்படியேதான இருக்குது" என்றாள். மூன்றாம் நாள்தான் புள்ளி வளையங்கள் உடைந்தன. இரண்டு வருடம் ஏறியதை இரண்டு மணி நேரத்தில் இறக்கச் சொன்னால் எப்படி?

பிளேடு, கம்பி நார், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். கீறல் விழுந்தால் அந்தக் கீறலுக்குள் போய்க் கல் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தரை மார்பிளாகவோ கடப்பாக் கல்லாகவோ இருந்தால் எலுமிச்சை உப்பும் வினிகரும் அதில் சொட்டக் கூடாது. அவையும் சுண்ணாம்புக் கல் இனம்தான், புளிப்புப் பட்டால் மங்கிவிடும். கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்ட அன்று வினிகரையும் தொடாதீர்கள். ஆசிட்தான் ஆபத்து, வினிகர் சமையல் சாமான்தானே என்று நினைக்க வேண்டாம், அதுவும் பிளீச்சிங்கோடு சேர்ந்தால் அதே குளோரின்தான். இரண்டையும் ஒரே நாளில், ஒரே அறையில் பயன்படுத்தவே கூடாது.

வீடியோக்களில் ஆப்ப சோடாவையும் வினிகரையும் கலந்து பொங்கவைத்துக் காட்டுகிறார்கள். நுரையைப் பார்த்ததும் ஏதோ பெரிய சக்தி என்று தோன்றும். என்னிடம் படித்தவர்கள் யாராவது அதை நம்பினால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒன்று அமிலம், ஒன்று காரம். இரண்டும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும். மிச்சம் இருப்பது கிட்டத்தட்ட வெறும் உப்புத் தண்ணீர். புளிப்பைப் புளிப்பாகவே விடுங்கள்.

எல்லாம் செய்தும் ஒரு மங்கல் போகாமல் நிற்கலாம். எங்கள் கதவிலும் கீழ்ப்பக்கம் ஒரு முழம் அப்படித்தான் இருக்கிறது. அது கறை அல்ல. ரொம்ப நாள் படலம் ஊறி ஊறிக் கண்ணாடியின் மேல்தோலே அரிக்கப்பட்டுவிட்டது. அதை எந்தப் புளிப்பாலும் எடுக்க முடியாது. கண்ணாடிக் கடைக்காரர்கள் சீரியம் ஆக்சைடு என்ற பொடி வைத்துச் சாணை பிடிக்கிற மாதிரி மெருகு போடுவார்கள், அதற்குச் செலவு உண்டு. நாங்கள் அப்படியே விட்டுவிட்டோம்.

இனி வராமல் இருக்க ஒரே வழிதான். குளித்து முடித்தவர் வெளியே வருவதற்கு முன் ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழே நாலு இழுப்பு இழுத்துவிட வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. தண்ணீரைக் காயவிடாவிட்டால் கல்லுக்கு வழியில்லை. இதை நான் சொன்னபோது மகன், "அம்மா, காலைல அவசரத்துல இதெல்லாம் முடியுமா? அதுக்குத்தான ஆள் வெச்சிருக்கு" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நாற்பது வயது ஆளை முட்டி போடச் சொல்ல முடியாது என்பதால் பேசாமல் இருந்தேன். நீ குளித்த தண்ணீர், உன் கண்ணாடி, உன் கைக்கு ஒரு நிமிடம். காலை எட்டு மணிக்கு வருகிற பெண், ஆறரை மணிக்கே காய்ந்துவிட்ட தண்ணீரை எப்படித் துடைப்பாள்? ராத்திரி சாப்பாட்டின்போது இதையே நிதானமாகக் கேட்டேன். பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பாத்ரூமிலிருந்து வைப்பர் இழுபடும் கீச்சுச் சத்தம் கேட்டது.

புது வீடு கட்டப்போகிற, வாங்கப்போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வீடு விற்கிறவர்கள் காட்டுகிற படத்தில் கண்ணாடி அழகாகத்தான் இருக்கும். படத்தில் யாரும் குளிப்பதில்லை. முதலில் அந்த வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடியுங்கள், இன்னொரு பாட்டிலில் அதே அளவு மழைத் தண்ணீரோ சிறுவாணித் தண்ணீரோ எடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். ஷாம்பு போட்டால் வித்தியாசம் தெரியாது, சோப்புதான் போட வேண்டும். ஒன்றில் நுரை நிற்கும், இன்னொன்று கலங்கித் திரியும். திரிந்தால் அந்த வீட்டுக்குக் கண்ணாடித் தடுப்பு வேண்டாம். நாலடிச் சுவர் எழுப்புங்கள், அல்லது திரைச்சீலை போடுங்கள், கழற்றித் துவைத்துக்கொள்ளலாம். இல்லை, கண்ணாடிதான் வேண்டும் என்றால் தண்ணீரை மென்மையாக்குகிற கருவிக்கும் சேர்த்துக் காசு எடுத்துவையுங்கள், அதற்கு உப்பு போட்டுப் பராமரிக்கவும் ஆள் வேண்டும். ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் பாத்ரூம் கழுவுகிறேன் என்று ஒரு மாணவி பெருமையாகச் சொன்னாள். நல்ல எண்ணம்தான் கண்ணு, ஆனால் உப்பெல்லாம் சேர்ந்து வெளியே வருகிற தண்ணீர் அது. தரையைக் கழுவு, கண்ணாடியில் மட்டும் ஊற்றாதே.

"வேலைக்காரிகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, கண்டதை வாங்கி ஊற்றினால் நாமா பொறுப்பு?" என்று உறவுக்காரர் ஒருவர் போனில் கேட்டார். நாம்தான் பொறுப்பு. போகாத கறையைப் போகவில்லை என்று இரண்டு மாதம் அவளை நெருக்கியது நாம். எது எதோடு சேரக் கூடாது என்று சொல்லாதது நாம். எனக்குத் தெரிந்திருந்தும் சொல்லாதது இன்னும் மோசம். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் மகன் கொடுத்தான், வராத நாட்களுக்கும் சம்பளம் பிடிக்கவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, அது அவளுக்கு வர வேண்டியது. மருமகள் அவள் வீட்டுக்கே போய், "தப்பு என்னோடதுதான், நீ தேய்ச்சது எனக்குத் தெரியாமப் போச்சு" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

போன திங்கட்கிழமை மறுபடி வேலைக்கு வந்தாள். நேராகப் போய்க் கதவைப் பார்த்துவிட்டு, "ஏனுங் டீச்சரம்மா, என்னத்தப் போட்டீங்க?" என்று கேட்டாள். எலுமிச்சை உப்புப் பொட்டலத்தைக் காட்டினேன். இந்தப் பெண் வேலை செய்கிற மற்ற மூன்று வீட்டிலும் இதே மாதிரிக் கதவு இருக்கிறதாம். துணியில் நனைத்து ஒட்டுவதையும், முதலில் கசடைக் கழுவுவதையும், பிளீச்சிங் போட்ட நாளில் தொடக் கூடாது என்பதையும் இரண்டு தடவை சொல்லி, அவள் வாயால் திருப்பிச் சொல்லவைத்தேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பேரன், "அப்பத்தா, நுரை வருமா?" என்று கேட்டான். கண்ணாடியில் பார்க்க முடியாது, முட்டை ஓட்டில் காட்டுகிறேன் என்றேன். நாளைக் காலை ஓடு எடுத்து வைக்கச் சொல்லி மருமகளிடம் சொல்லியிருக்கிறேன்.